சூளைக் கிட்டம் என்று நான் சொன்ன கல்

ஜெயசீலியின் எரிமலை ஆராய்ச்சியைக் கெடுத்தவன் நான்தான். பழியை இன்னொருவர் தலையில் போட்டவனும் நானே!

எழுபதுகளின் தொடக்கம். விருத்தாசலத்துப் பீங்கான் ஆலையொன்றில் நான் சூளை மேற்பார்வையாளன். ஜெயசீலி எங்கள் தெருவில் வளர்ந்த பெண். சென்னையில் நிலவியல் ஆராய்ச்சியில் அப்போதுதான் சேர்ந்திருந்தாள். பேராசிரியர்களோடு அந்தமான் பக்கத்து எரிமலைத் தீவுக்குப் போய், ஒரு மூட்டைக் கல் கொண்டுவந்தாள். எங்கள் ஆலையில் அரவைப் பிரிவிலிருந்த அவள் தாய்மாமன் தாமஸ் அவற்றை ஆராய்ச்சிக்கு அறுத்துத் தருவதாக வாங்கி வைத்திருந்தார்.

மறுபடி போய்த் தங்கி ஆராய உதவித்தொகை கேட்டிருந்தாள். கற்களைப் பார்க்க ஓர் அதிகாரி ஆலைக்கே வந்தார்.

கறுப்பாய், துளை துளையாய்... நிலக்கரிச் சாம்பல் உருகிக் கட்டிப்போன எங்கள் சூளைக் கிட்டமும் அப்படியேதான் இருக்கும். ஊர்ச் சந்தெல்லாம் அது கிடக்கும். இவள் உண்மையிலேயே போனாளா? நெருப்புக் கக்கிய தீவில் ஒரு பெண்ணை இறங்க விட்டிருப்பார்களா? பால்காரரைக்கூட நம்பாதவன் நான்... இவளை எப்படி நம்புவேன்?

அதிகாரி தனியே விசாரித்தார். "எங்க சூளைக் கிட்டம் மாதிரிதாங்க இருக்குது சார்... பாத்து செய்யுங்க" என்றேன். அவர் டீயைக்கூடக் குடிக்காமல் ரயிலுக்குக் கிளம்பிவிட்டார்.

அதன் பிறகுதான் ஒரு கல்லை உடைத்தேன். உள்ளே பச்சை பச்சையாய்ப் படிகங்கள்! வண்டி வண்டியாய்க் கிட்டம் அள்ளிய நான் அதில் ஒருநாளும் அப்படிக் கண்டதில்லை. உடனே அந்த அதிகாரிக்குத் தந்தி அடித்திருக்கலாம்... ஏன் அடிக்கவில்லை? என் சந்தேகம் தோற்றதை ஒப்புக்கொள்ள அவ்வளவு கூச்சமா?

சூளையில் பொறுக்கிய கல் என்று சொல்லி உதவித்தொகையை மறுத்துவிட்டார்கள். அழுதுகொண்டே வந்தாள்.

"யாருண்ணே சொன்னாங்க, நான் சூளையில பொறுக்கினேன்னு?"

பயந்துபோய், "ஒங்க மாமாதாம்மா அன்னிக்கு சாருகிட்ட ரொம்ப நேரம் பேசிக்கிட்டு இருந்தாரு..." என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அது போதுமாயிருந்தது! அவள் ஆராய்ச்சியை விட்டுவிட்டுச் சேத்தியாத்தோப்பில் பள்ளி ஆசிரியையானாள். தாமஸ் எத்தனையோ முறை அவள் வீட்டு வாசலில் நின்றார், கதவு திறக்கவில்லை. தான் செய்த குற்றம் என்னவென்று தெரியாமலே அவர் செத்துப்போனார். அடக்கத்துக்கு, ஒரு பிடி மண் போட, அவள் வரவில்லை.

அடுத்த வாரம் என் வீட்டுக்கு வந்தாள். காப்பி குடித்துவிட்டுச் சொன்னாள்: "நீங்க ஒருத்தர்தாண்ணே எனக்கு உண்மைய சொன்னவங்க."

நான் தலையாட்டினேன்.