இரண்டு இருக்கைக் கார்

எங்களுக்குக் கல்யாணமாகி முதல் வருடம். புதுக்குடியிருப்புச் சந்தைக்குப் பக்கத்தில் என் கணவர் மோட்டார் சைக்கிள் திருத்தும் கராச் வைத்திருந்தார். யுத்தத் தடையால் பெற்றோல் வராத காலம். சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை இயக்கி, பிறகு மண்ணெண்ணெயில்தான் எல்லோரும் ஓடினார்கள்.

ஒரு மத்தியானம் சாப்பாடு கொண்டுபோனபோது உள்ளே அவருடைய சிரிப்புக் கேட்டது. வீட்டில் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. பழைய தகரமொன்றில் சோக்கட்டியால் ஒரு கார் கீறியிருந்தார். தரையோடு படுத்த, மூக்கு நீண்ட பந்தயக் கார். பக்கத்தில் குந்தியிருந்து அதன் ரயர்ச் சில்லைக் காட்டி வாதாடிக்கொண்டிருந்தா, ரியூசனில் பௌதிகம் படிப்பிக்கும் ரீச்சர். தன் மோட்டார் சைக்கிளைத் திருத்த வந்திருந்த பெண்.

"வருங்காலத்துக் கார். பற்றரியில வெளிக்கிடும், பிறகு மண்ணெண்ணெயில ஓடும். ஓடேக்கை பற்றரி தானாச் சார்ஜ் ஏறும்," என்றார் என் கணவர் என்னிடம். இதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அதன்பிறகு ரீச்சரின் மோட்டார் சைக்கிளுக்கு அடிக்கடி ஏதாவது நோய்வருத்தம் வந்தது. அவரை அவ "அண்ணை" என்றுதான் கூப்பிட்டா. அது எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை. அவவின் வடிவைக் கண்டு எரியவில்லை. அவர் கதைத்தது அவவுக்கு விளங்கியதே, அதைக் கண்டுதான் எரிந்தேன். என்னோடு அரிசியும் உப்பும்தான் கதைத்தார்.

ஒருநாள் சாப்பாட்டை வைத்துவிட்டுப் போகாமல் கதிரையில் இருந்துகொண்டேன்.

"இதில ரெண்டு சீற்றுத்தானே. ஓடுறவருக்குப் பக்கத்தில ஆர்?"

"பற்றரிக்கு இடம் காணாது. அதிலதான் வைக்கோணும்," என்றார், தலை நிமிராமல்.

ரீச்சர் சிரித்தா. "நானும் கேட்டனான் அக்கா. எனக்கும் இதைத்தான் சொன்னவர்."

அவவும் கேட்டிருக்கிறா. எனக்குக் காது சுட்டது.

இருவரும் மறுபடி ரயருக்குத் திரும்பினார்கள். மணலில் அகல வேண்டும், தார் றோட்டில் இறுக வேண்டும், எப்படி என்று. இடம்பெயர்ந்து வந்தபோது மூட்டை கட்டிய சைக்கிளை, மணலில் புதையாமல் ரயரில் காற்று இறக்கித் தள்ளியவள் நான். வாய் தானாகத் திறந்தது.

"காருக்குள்ளயே பம்ப் ஒண்டு பூட்டினால் என்ன? இறங்காமலே காத்தைக் கூட்டிக் குறைக்கலாம்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ரீச்சர் நகர்ந்து இடம் விட்டா. "இஞ்சால வாங்கோ அக்கா." நானும் குந்தினேன். சோறு காய்ந்துபோனது.

கொஞ்சநாளில் ரீச்சர் படிப்பிக்கக் கிளிநொச்சிப் பக்கம் போய்விட்டா. அவர் தகரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார். பின்னேரங்களில் இருவரும் கீறினோம். பம்புக்குக் குழாய் எந்தப் பக்கத்தால் போகலாம் என்று நான் காட்டிக்கொண்டிருந்த ஒரு நாள், அவர் பெருமூச்சு விட்டார்.

"ரீச்சர் நிண்டிருந்தால் இதைக் கணக்குப் பாத்துச் சொல்லியிருப்பா."

நான் சோக்கட்டியை வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போனேன்.