அஷ்டமிச் சுண்டல்

வறுத்த சீரகத்தின் வாசனை பின்னாலிருந்து வந்து என் தோளைத் தொட்டது. திரும்பிப் பார்த்தேன்.

போன வாரம், கல்கத்தா நியூ டவுனில் புதிதாகத் திறந்திருக்கும் பெரிய கடையில். ஒரு பெண் பாக்கெட் உணவுகளை மைக்ரோவேவில் சூடாக்கி, வருகிறவர்களுக்கெல்லாம் குட்டிக் கப்பில் நீட்டிக்கொண்டிருந்தாள். தாய்லாந்து நூடுல்ஸ், மெக்ஸிகோ பீன்ஸ், இத்தாலி பாஸ்தா... உலகமே வரிசையில் நிற்கிறது. அந்த வரிசையின் கடைசியில், கொஞ்சம் கூச்சத்தோடு, நம்ம ஊர் குக்னி! காய்ந்த பட்டாணியை வேகவைத்து இஞ்சி, சீரகம் போட்டுக் கிளறி, வங்காளிகள் தெருவுக்குத் தெரு விற்பார்களே, அதுதான்.

"டேஸ்ட் கொரே தேகுன், மாஷிமா" என்றாள். ருசி பார்க்க வேண்டுமாம், இந்தப் பெரியம்மா. யாரிடம் சொல்கிறாள்? இவள் ஸ்லேட்டும் பலப்பமுமாக இருந்த காலத்திலேயே என் மானத்தைக் காப்பாற்றிய பண்டம் அது!

தொண்ணூறுகளின் தொடக்கம். லேக் பக்கம் வாடகை வீடு, இரண்டாவது மாடி. கணவருக்கு வங்கி வேலை. எனக்கு... கவிதை என்று நானே சொல்லிக்கொண்ட ஒன்று. தெரிந்த தமிழ் வீடுகள் ஏழெட்டு இருந்தன. கணவர் ஆபீஸ் கிளம்பிவிட்டால், அந்த ஏழெட்டு வீடுகள்தான் எனக்குத் தமிழ். அவற்றை விட்டால் சுவரோடுதான் பேச வேண்டும்.

அந்த வீடுகளுக்கெல்லாம் தலைவி ருக்மிணி மாமி. மாமி ஒரு வீட்டுக்கு வருவதை நிறுத்தினால் மற்றவர்களும் நிறுத்திவிடுவார்கள். "கடைல வாங்கிண்டு வந்து அம்பாளுக்கு வெக்கறவா ஆத்துல நான் கால் வெக்க மாட்டேன்" என்று முந்தின வருஷம் ஒரு கொலுவில் சத்தமாகவே சொன்னாள். அதற்குப் பிறகு, அப்படி வாங்கி வைத்த ஒரு வீட்டுக்கு யாருமே போகவில்லை. அந்த வீடு அதே தெருவில்தான் இருந்தது, பாவம்.

இந்த லட்சணத்தில் என் முதல் கொலு. அஷ்டமியன்று மாலை ஐந்து மணிக்கு எல்லோரும் வருவதாக ஏற்பாடு.

முந்தின நாள் சாயங்காலம் துர்கா பூஜைப் பந்தலில் தாக் அடிக்க ஆரம்பித்தார்கள். அந்தப் பெரிய மேளம் காதில் கேட்காது, நெஞ்சுக்கூட்டில் கேட்கும். நோட்டுப் புத்தகத்தோடு அங்கேயே நின்றுவிட்டேன். ஒரு வரி கிடைத்தது. ஒரு வரி கிடைத்தால் வீட்டில் ஒரு வேலை தொலையும் — எழுதுகிறவர்களுக்குத் தெரியும்.

தொலைந்த வேலை எதுவென்று மறுநாள் மத்தியானம் இரண்டரை மணிக்குத் தெரிந்தது. டப்பாவை எடுத்தேன். பட்டாணி கடகடவென்று சிரித்தது. ஊறவைக்கவே இல்லை!

கொதிக்கிற வெந்நீர், சோடா உப்பு, குக்கரில் எட்டு விசில். திறந்தால்... பாதி கூழ், பாதி கோலிக்குண்டு.

விசில் கணக்கில்லாமல் போவதைக் கேட்டுக் கீழ்வீட்டு பௌதி ஏறி வந்தாள். பௌதி என்றால் அண்ணி. பார்த்தாள், சிரித்தாள். "பைத்தியமே, முக்குக் கடையில் அண்டா நிறைய குக்னி இருக்கிறதே!"

"வெங்காயம், பூண்டெல்லாம் போடுவார்களே பௌதி..."

"ஆஜ் அஷ்டமி! பெயாஜ் நேய், ரொஷுன் நேய்!" இன்றைக்கு இரண்டுமே கிடையாதாம். சொல்லும்போதே பந்தல் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

மூன்று வருஷமாக அந்தக் கடையை மூச்சைப் பிடித்துக்கொண்டு தாண்டியவள் நான். கடுகெண்ணெய் நெடி. அன்று தூக்குவாளியோடு போய் நின்றேன். கடைக்காரர் இலைத் தொன்னையில் கொஞ்சம் வைத்து நீட்டினார். கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டேன்.

அட! மெத்தென்று வெந்த பட்டாணி. இஞ்சி. சீரகம். கடுகெண்ணெய் மூக்கில் ஒரு குட்டு வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. நடுநடுவே தேங்காய்த் துண்டுகள் வேறு... தேங்காய்கூடப் போட்டிருக்கிறார், மகராசன்! இதையா இத்தனை நாள் தாண்டித் தாண்டிப் போனேன்?

வீட்டில் வடிதட்டில் கொட்டி, வெந்நீரில் இரண்டு தரம் அலசினேன். நல்லெண்ணெயில் கடுகு, மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துப் புரட்டினேன். மேலே எலுமிச்சை. கல்கத்தாவில் கிளம்பிய பட்டாணி பத்து நிமிஷத்தில் கும்பகோணம் வந்து சேர்ந்தது.

அம்பாளுக்கு மட்டும் அதை வைக்கக் கை வரவில்லை. வாழைப்பழமும் கற்கண்டும் வைத்தேன். 'நீயாவது காட்டிக்கொடுக்காதே, தாயே.'

ஐந்து மணி. பட்டுப்புடவைகள், பாட்டு, பொம்மைகளைப் பற்றிய விசாரணை. கிண்ணங்களில் சுண்டல். ருக்மிணி மாமி ஒரு வாய் போட்டாள். நிறுத்தினாள். கிண்ணத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

நான் வெற்றிலைத் தட்டை அடுக்குவதில் மும்முரமானேன்.

"என்னடி இது, சீரக வாசனை வரதே?"

"வறுத்துப் பொடிச்சு... கொஞ்சமா போட்டேன், மாமி."

"கவிதை எழுதற பொண்ணு, சுண்டலையும் புதுசாத்தான் எழுதுவா!" என்றாள் பக்கத்தில் ஒருத்தி. கூடமே சிரித்தது. ருக்மிணி மாமி சிரிக்கவில்லை. ஆனால் கிண்ணத்தை நீட்டினாள். "இன்னும் ரெண்டு கரண்டி போடு."

எல்லா வீட்டுச் சமையலறைக்கும் ஒரு பின்வாசல் உண்டு என்று இப்போது நினைக்கிறேன். அது கடைத்தெருவில்தான் திறக்கிறது. நாம் திறக்கிறபோது மட்டும் அது பெரிய சத்தம் போடுவதாகத் தோன்றும், அவ்வளவுதான்.

வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசியில் மாமி. செருப்பில் காலை நுழைத்தபடியே குரலைத் தணித்தாள்.

"அம்பாளுக்கும் இதைத்தான் வெச்சியா?"

போயிற்று. என் ஏழெட்டு வீடும் போயிற்று.

"இல்லை மாமி... பழமும் கற்கண்டும்."

"அப்போ சரி." மாமி மூச்சு விட்டாள். நானும் விட்டேன். "நாளைக்கு சரஸ்வதி பூஜை. எங்காத்துக்கு வந்துடு."

இரண்டு படி இறங்கியவள் நின்று திரும்பினாள்.

"அடுத்த தடவை, தாளிக்கறதுக்கு முன்னாடி அந்தத் தேங்காய்த் துண்டையெல்லாம் பொறுக்கிடு. நாம துருவித்தானே போடுவோம்? நான் எப்பவும் பொறுக்கிடுவேன்."