மேசைக்கு ரெண்டு பேரு

அரபு நாட்டுல, சோஹார்ல நாங்க வேல பாத்தப்ப ஒரு தடவ பேய்மழ பெஞ்சு, காட்டாத்துத் தண்ணி எங்க கேம்ப் பஸ்ஸ உருட்டிட்டுப் போச்சு. மணல்ல பாதி புதஞ்சு கெடந்தத நாங்க கயிறு கட்டி இழுத்தோம். டிரைவரு பட்டாணியரு. பெத்த புள்ளையக் கட்டுன மாதிரி பஸ்ஸக் கட்டிக்கிட்டு அழுதாரு. சரி, அது வேற கத. அதுக்கு அடுத்த மாசந்தான் எங்க மெஸ்ல ஓட்டு நடந்தது.

எங்களுக்குச் சமைச்சவரு யாழ்ப்பாணத்துக்காரரு. சமையக்கட்ட அவரு குசினிம்பாரு, அதனால நாங்க குசினி அண்ணைன்னு கூப்புடுவோம். நான் தூத்துக்குடிப் பக்கம், கடக்கரையில பொறந்தவன். அவரு மீன்கொழம்புல எனக்கே கண்ணு கலங்கும், அம்புட்டு ஒறப்பு. பாதிப்பேருக்கு அது உசுரு, மீதிப்பேருக்கு வயித்தெரிச்சல். வயித்தெரிச்சல்காரங்களுக்குத் தலைவரு வெல்டர் அண்ணாச்சி, கடையநல்லூர்க்காரரு. வெளியிலேருந்து டப்பாச் சாப்பாடு வரட்டும்னு அவங்க கட்சி. வந்தா அண்ணைக்கு வேலயும் போச்சு, விசாவும் போச்சு. அவரு ஊர்ல சண்டையில வீடு எரிஞ்சு, பொஞ்சாதி புள்ளைக மெட்ராஸ்ல ஒண்டியிருந்த நேரம். திரும்பி எங்க போவாரு?

கேம்ப் பாஸ் எகிப்துக்காரரு. சண்ட வேண்டாம், ஓட்டுப் போடுங்கன்னுட்டாரு. அண்ணை இருக்கட்டும்னா கொண்டக்கடல, டப்பா வரட்டும்னா பேரிச்சங்கொட்ட. மறைவுல போயி எடுத்து, கைய மூடிட்டு வந்து பால்பவுடர் டின்னுல போடணும். சமமா வந்தா டப்பாதான். டின்னுக் காவலுக்குத்தான் பெரிய சட்டமெல்லாம். கட்சிக்கு ஒருத்தரு மேசையில உக்காரணும். நம்ம ஆள நாம சொல்லக்கூடாது, எதிராளி சொல்லணும். எண்ணி முடிக்கிற வர எந்திரிக்கக்கூடாது. யாருகிட்டயும் வாங்கித் திங்கக்கூடாது.

நான் அண்ணை கட்சி. டப்பாக்காரங்க என்னயச் சொன்னாங்க, இவன் தூங்கிருவான்னு. நாங்க வெல்டர் அண்ணாச்சியவே சொன்னோம். வெளிய நின்னா நாலு பேரு மனசக் கலச்சிருவாரு, உள்ள கட்டிப்போடுவோம்னு.

வெள்ளிக்கிழம காலையிலேருந்து உக்காந்திருக்கோம். சுவத்துக்கு அந்தப்பக்கம் கொழம்பு கொதிக்கி. அண்ணாச்சி வயிறு கத்துறது எனக்குக் கேக்கு.

"எலேய், ஒரு கட்டஞ்சாயா கேளுலே. சாயா என்ன சாப்பாடா?"ன்னாரு.

சன்னல் வழியா கேட்டேன். அண்ணை கரண்டியோட வந்து நின்னாரு.

"இல்லைத் தம்பி. என்ர சமையலுக்குத்தானே வாக்கு. நான் தேத்தண்ணி தந்தா நாளைக்கு என்ன சொல்லுவினம்? தண்ணி கிடக்கு, குடியுங்கோ."

சொல்லிட்டு சன்னலயும் சாத்திட்டாரு. "கல்நெஞ்சக்காரன்லே"ன்னு அண்ணாச்சி பல்லக் கடிச்சாரு.

சாயங்காலம் கொட்டி எண்ணுனா, சரிசமம். டப்பாக் கட்சி விசிலடிக்கி. அண்ணை இடுப்புத் துண்ட அவுத்து மடிக்காரு. பாஸ் "கலாஸ், முடிஞ்சுது"ன்னு எந்திரிச்சிட்டாரு. அப்பந்தான் எனக்கு ஒறச்சது, நாங்க ரெண்டு பேரும் ஓட்டே போடலியே! மறைவுக்குப் போகணும்னா எந்திரிக்கணும், எந்திரிக்கக்கூடாதுன்னு சட்டம். சட்டம் போட்ட ஒருத்தனுக்கும் இது தோணல.

பாஸ் தலையில அடிச்சிக்கிட்டு, "யல்லா, போயிப் போடுங்க"ன்னாரு. ஆளுக்கொரு கட்சி, போட்டாலும் சமந்தானேன்னு எல்லாரும் சிரிக்காங்க. போட்டோம். டின்னக் கவுத்தா, ரெண்டும் கடல!

"என்ன அண்ணாச்சி, பசியில கை மாறிட்டா?"ன்னு அவரு ஆளு ஒருத்தன் கத்துனான்.

"மாறலடே. வேல போகப்போற மனுசன், ஒரு கிளாசு சாயாவுல என்னய வளச்சிருக்கலாம். குடுத்திருந்தாம்னா கொட்டதான் போட்டிருப்பேன்." பொறவு குசினிப் பக்கம் திரும்பி, "ஓய்! மொளகாய மட்டும் கொறச்சுப் போடும்!"

அண்ணை துண்டத் திரும்பக் கட்டிக்கிட்டாரு. கண்ணத் தொடச்சாரு. கொழம்புக் காரம்னு சொன்னாரு, நாங்களும் ஆமான்னோம். "முதல்ல சாப்பிட வாங்கோ, பிறகு சண்டை பிடிப்பம்."

மொளகா கொறஞ்சுதான்னு மட்டும் கேக்காதீங்க.

அவரு புள்ளைக இப்ப எந்த நாட்டுல இருக்காங்களோ. யாழ்ப்பாணத்துக்காரங்க யாரயாவது பாத்தா இதச் சொல்லி விடுங்க. கைமாறிக் கைமாறிப் போயி அவங்க காதுல விழட்டும், உங்கப்பா ஒரு சாயா குடுக்காமலே ஜெயிச்சாருன்னு.