அகழிக்கரையில் தொலைந்த மனைவி

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் தொண்ணூறுகளில் ஆக்லாந்தின் கிளென் ஈடன் பகுதியில் சொந்தமாகப் பழைய கார் விற்கும் யார்ட் போட்டு, ஜப்பானுக்கே போய் ஏலத்தில் கார்கள் எடுத்தவன். ஒருமுறை பார்த்த வண்டியின் நிறமும் கீறலும் எனக்கு மறக்காது.

ஒரு பயணத்தில் மனைவியும் வந்தாள். நான்கு நாள் ஏலத்தில் நின்று எனக்குக் கால் ஓய்ந்திருந்தது. அவளோ பழைய கோட்டை ஊர் ஒன்றில் அகழிக்கரையோரம் நடக்க ஆசைப்பட்டாள். வழக்கம்போல நான் முன்னால் நடந்தேன். கோட்டை வாசலில் திரும்பிப் பார்த்தால் அவளைக் காணவில்லை. அவளுக்கு இங்கிலீசும் வராது, ஹோட்டலின் பெயரும் தெரியாது.

வாசல் காவலரிடம் கையை ஆட்டி விளக்கினேன். அவர் தன் சட்டையைத் தொட்டு, "கலர்?" என்றார்.

காலையிலிருந்து கூட வந்தவள் என்ன நிறத்தில் உடுத்தியிருந்தாள் என்று எனக்குத் தெரியவில்லை.

வந்த வழியே ஓடினேன். பாதி வழியில், தண்ணீரைப் பார்த்தபடி ஒரு பெஞ்சில் அமர்ந்திருந்தாள். பச்சைச் சேலை.

"கூப்பிட்டிருக்கலாமே!" என்று கத்தினேன்.

"ரெண்டு தரம் கூப்பிட்டனான், நீங்கள் திரும்பேல்லை. முப்பது வருசமா உங்கட முதுகைத்தான் பாத்துக்கொண்டு வாறனப்பா. இண்டைக்குத் தண்ணியையும் பாப்பமெண்டு இருந்திட்டன்."

திரும்பும்போது அவளுக்குப் பக்கத்தில் நடக்கப் பார்த்தேன். கால் தானாக முன்னுக்குப் போனது; நின்று நின்று காத்திருந்தேன். இன்றைக்கும் எனக்கு அது சரியாக வரவில்லை. நின்று நின்றுதான் நடக்கிறேன்.