அக்காவின் முடி படிந்த நாள்

பிஸ்கட் டின்னுக்குள் ஒரு படம் வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட்டுக்காக எடுத்த சின்னப் படங்களில் ஒன்று. அதில் இருப்பவள் என் அக்கா. எண்ணெயும் தண்ணீருமாக முடி மண்டையோடு ஒட்டிக் கிடக்கிறது. இரண்டு காதும் தெரிகின்றன. மழையில் நனைந்த கோழி மாதிரி இருக்கிறாள். அவளுடையது என்று எங்களிடம் மிஞ்சியது இந்த ஒரு படம்தான். அதுவும் அவளைப் போல இல்லையே என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

அவள் முடி அப்படிப்பட்ட முடியா? அவிழ்த்துவிட்டால் வரிசை வீடான எங்கள் லயத்து வாசலையே அடைத்துக்கொள்ளும். மாத்தளைக்கு மேலே மலையில் எங்கள் தேயிலைத் தோட்டம். பனி இறங்கினால் போதும், அந்த முடி சிலிர்த்துக்கொண்டு எழும்பும். மழை வருமா என்று எங்கள் லயத்தில் வானத்தைப் பார்க்க மாட்டார்கள், அக்காவின் தலையைத்தான் பார்ப்பார்கள். "காக்கா வந்து கூடு கட்டப் போகுதுடி" என்று அம்மா உள்ளங்கை நிறையத் தேங்காய் எண்ணெயை ஊற்றித் தேய்ப்பாள். எண்ணெயைக் குடித்துவிட்டு முடி மறுபடியும் நிமிர்ந்துகொள்ளும்.

அக்காவுக்கோ அது படியவும் கூடாது. "அடங்கணும் தங்கச்சி, ஆனா அமுங்கக் கூடாது" என்பாள். காரணம் இருந்தது. கொழுந்துக் கூடையின் கயிற்றை உச்சந்தலையில்தான் மாட்ட வேண்டும். மற்றப் பெண்கள் துணியை மடித்து வைத்துக்கொள்வார்கள். அப்படியும் கயிறு பட்ட இடம் நாளாக ஆக வழுக்கையாகிவிடும். அக்கா துணி வைத்ததே இல்லை. அவளுக்கு முடியே மெத்தை. "ஏம்மா, தலைக்கு மேலயும் ஒரு கூடையா?" என்று கங்காணி கேலி செய்தால், "இது சாமி குடுத்த கூடைங்க, ஒங்க தராசுல நிக்காது" என்று திருப்பிக் கொடுப்பாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் செவ்வரத்தை என்கிற செம்பருத்தி இலையையும் ஊறவைத்த வெந்தயத்தையும் அரைத்துக்கொண்டு, மலைத் தண்ணீர் கொட்டுகிற பீலிக்குப் போவோம். நான்தான் தேய்த்துவிடுவேன். ஈரத்தோடு சீப்புப் போடாமல் விரலாலேயே சிக்கெடுத்து, தளர்த்தியாகப் பின்னிவிட்டு, காய்ந்தபின் உதறிவிட வேண்டும். அப்போது சுருள் சுருளாக அடங்கி விழும், அடர்த்தியும் குறையாது. வேறு யாரையும் அவள் தலையில் கை வைக்க விடமாட்டாள். எனக்கு அதில் கொள்ளைப் பெருமை.

பிறகு இரண்டு அரசாங்கமும் சேர்ந்து போட்ட அந்த ஒப்பந்தம் வந்தது. தோட்டத்து ஆட்களில் ஒரு பங்கு இந்தியாவுக்கு, ஒரு பங்கு இலங்கைக்கு என்றார்கள். நாங்கள் இலங்கையிலேயே இருக்க எழுதிப் போட்டோம். அக்கா வாழ்க்கைப்பட்ட வீட்டார் இந்தியாவுக்கு எழுதியிருந்தார்கள். இரண்டு கதவு தள்ளிக் குடியிருந்தவள் வேறு நாட்டுக்காரி ஆகிவிட்டாள். அப்பா யார் யாரிடமோ போய் நின்றார். எங்கள் கையில் ஒன்றும் இல்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

படம் பிடிக்க மாத்தளை டவுனுக்கு நானும் கூடப் போனேன். முடியை அவ்வளவு பக்குவமாக அடக்கிக்கொண்டு வந்திருந்தாள் அக்கா. ஸ்டூடியோக்காரர் பார்த்ததுமே தலையை ஆட்டினார். "தல படத்துக்குள்ள வர வேணாமா தங்கச்சி? காது தெரியணும்." வாளித் தண்ணீரை அள்ளித் தெளித்து, எண்ணெயை ஊற்றி அமுக்கிவிட்டார். படம் கைக்கு வந்ததும், "இது யாருடி?" என்று அக்கா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வழியனுப்ப நானும் அப்பாவும் கப்பல் ஏறும் தலைமன்னார் வரைக்கும் கோச்சி ரயிலில் போனோம். வழியெல்லாம் அழுகைதான். அங்கே இறங்கியதும் கடல் காற்றுக்கு அக்காவின் முடி என்றைக்கும் இல்லாத அளவு எழும்பிவிட்டது. எங்களைக் கம்பி வேலிக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். மச்சானையும், அக்காவின் பிள்ளையைத் தூக்கிக்கொண்டிருந்த மாமியாரையும் முதலில் விட்டார்கள். அக்காவின் முறை வந்ததும் உத்தியோகத்தர் பாஸ்போர்ட்டில் இருந்த படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "படத்தில இருக்கிற ஆள் நீ இல்ல" என்று வரிசையைவிட்டு ஒதுங்கச் சொல்லிவிட்டார்.

எனக்குச் சந்தோஷம் பொங்கியது. மாரியாத்தா, இந்த முடி படியவே கூடாது என்று மனதுக்குள் கும்பிட்டேன். படியாவிட்டால் அவளைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போய்விடலாம். ஆனால் உள்ளே பிள்ளை, "அம்மா, அம்மா" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான்.

வேலியோரம் இருந்த குழாய்க்கு ஓடிவந்து அக்கா தலையை நனைத்தாள். இரண்டு கையாலும் அமுக்கினாள். விட்டதும் எழும்பியது. மறுபடியும் அமுக்கினாள், மறுபடியும் எழும்பியது. என் பக்கமாக வந்து கம்பியோடு தலையைச் சாய்த்துக்கொண்டு, "தங்கச்சி, நீ அமுக்குடி. ஒன் கைக்குத்தான் கேக்கும்" என்றாள்.

நான் என்ன செய்ய? கம்பி இடுக்கில் கையை விட்டு வாரி இழுத்து அமுக்கினேன். அம்மாவின் எண்ணெய்க்கெல்லாம் அடங்காத முடி, என் கைக்கு அப்படியே படிந்தது. காது தெரிந்தது. "போதுமாடி?" என்று கேட்டாள். "போதும்க்கா" என்றேன். ஓடினாள். உத்தியோகத்தர் இன்னொரு தரம் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். அந்தப் பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தபோது படத்தில் இருந்தவளாகவே நின்றாள்.

போய்ச் சேர்ந்ததாக ஒரு கடிதம் வந்தது. அதற்குப் பிறகு நாங்கள் போட்ட எதற்கும் பதில் இல்லை.

என் மகளுக்கு அதே முடி. வேலைக்குப் போகிற அவசரத்தில் தினமும் கண்ணாடி முன்னால் ஒரு சண்டை. "யாருகிட்ட இருந்தும்மா எனக்கு இது வந்திச்சு?" என்று போன வாரம் கேட்டாள். டின்னைத் திறந்து படத்தைக் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, "சும்மா போங்கம்மா, இவங்களுக்குத் தலையில முடியே இல்லையே" என்றாள். நான் என்ன சாட்சி காட்டுவேன்?

படத்தை என் மடியில் போட்டுவிட்டு, "கொஞ்சம் தண்ணி தொட்டு அமுக்கி விடுங்கம்மா, பஸ் போயிரும்" என்று தலையைச் சாய்த்தாள். கையை வைத்தேன். என் கைக்குப் படியும் என்று எனக்குத் தெரியும்.

"இருக்கட்டும்மா, அப்படியே போ" என்று கையை எடுத்துக்கொண்டேன்.