வியாழக்கிழமைப் பிள்ளை

நேசமலரைப் பிடிவாதக்காரி என்று சொல்லாத ஆள் அந்தக் குடியேற்றத்தில் இல்லை. சொன்னவர்களில் முதல் ஆள் அவளுடைய புருசன் வீரகத்தி. குளத்துத் தண்ணீரை நம்பி யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து, காடு வெட்டி வயலாக்கியவள் அவள். முதல் பிள்ளையை மருத்துவிச்சி வந்து சேருமுன்னே பறிகொடுத்தவள். பிடிவாதம் சும்மா வருமா?

அறுபதாம் ஆண்டளவில் அங்கே ஒரேயொரு அரசாங்க மருத்துவிச்சிதான். விமலேஸ்வரி என்று பெயர். அவரை இரண்டு சுகாதாரக் கந்தோர்கள், அதாவது அரசாங்க அலுவலகங்கள், பங்கு போட்டிருந்தன. பெரிய வாய்க்காலுக்கு மேற்கே திங்கள், செவ்வாய், புதன். கிழக்கே வியாழன், வெள்ளி, சனி. வயலுக்குத் தண்ணீர் முறை வைக்கிற மாதிரி மருத்துவிச்சிக்கும் முறை வைத்தார்கள். பயிர் முறை வரும்வரை வாடிக்கொண்டாவது நிற்கும். வயிற்றுப் பிள்ளை நிற்குமா?

நேசமலரின் வீடு மேற்கே. இரண்டாவது பிள்ளைக்கு அவளுக்குப் பிரசவ நோக் கண்டது ஒரு வியாழக்கிழமை விடிய. வீரகத்தி சைக்கிளை மிதித்துக் கிழக்கே போய்ச் சொன்னான். விமலேஸ்வரி கிழமை பார்க்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். கால் முன்னே வந்த பிள்ளை. மத்தியானம் வரை மல்லுக்கட்டித் தாயையும் பிள்ளையையும் காப்பாற்றினார். பெட்டைக் குஞ்சு, பெண் பிள்ளை.

பன்னிரண்டாம் நாள், திங்கட்கிழமை, பிள்ளையைப் பார்க்க வந்த விமலேஸ்வரியின் முகத்தில் களை இல்லை.

"என்னம்மா, ஒரு மாதிரி இருக்கிறியள்?"

"கிழக்குக்காரர் முறைப்பாடு குடுத்திட்டினம். தங்கடை நாளிலை நான் மேற்கிலை நிண்டனானாம். வெள்ளிக்கிழமை விசாரணை. மாத்தி விடப்போயினம் போலை."

"நான் வந்து சொல்லுறன்."

"பிள்ளை பெத்த துடக்குக்காரி, நீ பேசாமல் கிட."

அடுத்த நாள் நேசமலர் பிள்ளையைச் சேலையில் சுற்றிக்கொண்டு இறங்கினாள். வீரகத்தி வாசற் படலையில் மறித்தான்.

"முப்பத்தொண்டாம் நாள் துடக்குக் கழியாமல் எங்கை போறாய்?"

"அண்டைக்கு அவா நாள் பாத்தவாவோ? தள்ளுங்கோ."

மேற்குக் கந்தோரில் கிளாக்கர் மயில்வாகனம் நெற்றி நிறைய விபூதியோடு இருந்தார். பிள்ளையைக் கண்டதும், "எத்தினை நாள்?" என்று சிரித்துக் கேட்டார். "பதின்மூண்டு" என்றதும் துள்ளி எழும்பி யன்னலோடு ஒட்டிக்கொண்டார்.

"ஐயோ பிள்ளை, துடக்கோடை கந்தோருக்கை வரலாமோ! முப்பத்தொண்டு கழிய வாவன்."

"அதுக்கிடையிலை மருத்துவிச்சியம்மாவைக் கலைச்சுப் போடுவியள். நான்தான் கூப்பிட்டனான், வராட்டில் நாங்கள் ரெண்டு பேரும் செத்திருப்பம் எண்டு எழுதுங்கோ." சொல்லிக்கொண்டே அவருக்கு முன்னால் இருந்த கதிரையில் நன்றாகச் சாய்ந்து இருந்தாள்.

"இருந்தும் போட்டாய்! இனி இதை ஆர் கழுவுறது?"

"எழுதுங்கோ, எழும்புறன். இல்லாட்டில் பிள்ளையை உந்த மேசையிலை கிடத்துவன்."

மயில்வாகனம் யன்னல் விளிம்பில் கடதாசியை வைத்து மளமளவென்று எழுதினார். அவள் கையெழுத்து வைத்தபிறகுதான் மெல்லச் சொன்னார்:

"முறைப்பாடு கிழக்கின்ரை. இது அங்கை போகவேணும். பெரியவர் ஒப்பம் வைச்சு, தபாலிலை போக ரெண்டு கிழமை செல்லும்."

நேசமலருக்குப் பத்திக்கொண்டு வந்தது. "வாய்க்காலைக் கடக்க ரெண்டு கிழமையோ? மாடு கடக்குது, ஐயா!"

கடதாசியைப் பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டு புதன்கிழமை கிழக்கே நடந்தாள், மூன்று கட்டை தூரம். அங்கே இருந்தவர் கடதாசியைத் தொடவும் இல்லை. "மேற்கிலை பிறந்த பிள்ளையின்ரை கதை எங்களுக்கு என்னத்துக்கு?" என்றார். அந்த வெயிலில் திரும்பி வந்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

வெள்ளிக்கிழமை விசாரணைக்கே போனாள். உள்ளே விடவில்லை. வாசலில் நின்றே கத்திச் சொன்னாள், பிள்ளையும் சேர்ந்து கத்தியது. கடைசியில் விசாரணை செய்த அதிகாரி கடதாசியை எடுத்துவரச் சொன்னார். மருத்துவிச்சிக்கு இடமாற்றம் இல்லை என்றார். ஆனால் இனிமேல் ஒரு பக்கத்து நாளில் மறுபக்கம் போவதென்றால், அந்த நாளுக்குரிய கந்தோரின் அனுமதிக் கடிதத்தோடுதான் போகவேண்டுமாம்.

வெளியே வந்த விமலேஸ்வரி சைக்கிளை உருட்டிக்கொண்டு அவளோடு நடந்தார்.

"போதும், நேசமலர். வேலை தப்பினதே பெரிய காரியம். வீட்டை போய்ப் படு."

"என்னத்தைப் போதும்? கந்தோர் திறக்கிறது ஒன்பது மணிக்கு. பக்கத்து வளவுக் கமலாசனிக்கு இது ஏழாம் மாசம், அம்மா."