கண்டக்டர் மகளின் வாய்மொழித் தேர்வு

ஆங்கில வாத்தியார் வேலைக்கு ஆங்கிலம் தெரிந்தால் மட்டும் போதாது. பெற்றோரைச் சமாளிக்கவும் தெரிய வேண்டும். எனக்கு இரண்டும் நன்றாகவே வரும். சாக்பீஸ் தூளைத் தின்று வயிறு வளர்க்கும் சக வாத்தியார்களே, மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த வருஷம் காஜா பெராங் பள்ளியில் ஃபாரம் டூ வகுப்புப் பிள்ளைகளோடு நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

ஆயிரம் தடவை

உயர்வு நவிற்சிக்கு ஆளுக்கொரு வாக்கியம் எழுதிவரச் சொன்னேன். 'பையைத் தைத்துத் தரும்படி அப்பாவிடம் ஆயிரம் தடவை கேட்டுவிட்டேன்' என்று அமிர்தம் ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். அவள் அப்பா மாணிக்கம் கிளேபாங் போகும் பஸ்ஸில் கண்டக்டர். ஆங்கில வாய்மொழித் தேர்வில் தவறினால் மகளின் படிப்பை நிறுத்திவிடுவேன் என்று சொல்லிவைத்திருந்தவர்.

பஸ்ஸில் வந்த ஒரு குமாஸ்தாவிடம் அந்த நோட்டைக் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறார். மறுநாள் காக்கிச் சட்டையோடு வகுப்பு வாசலில் வந்து நின்றார். "மூணே தரந்தான் சார் கேட்டா. இங்கிலீஸ் படிக்க அனுப்பினா பொய் சொல்லவா கத்துக் குடுக்கிறீங்க?"

பஸ் காலி

அதே வாரம் அவர் பஸ்ஸில் ஏறினேன். உள்ளே மீன் கூடை, கோழி, அரிசி மூட்டை, இவற்றுக்கு நடுவே மனிதர்கள். எனக்குப் படியில் ஒரு கால் வைக்கத்தான் இடம் கிடைத்தது. "உள்ள போங்க, பஸ்ஸு காலி! மாசோக், மாசோக், கோசோங்!" என்று தமிழிலும் மலாயிலும் கூவிக்கொண்டிருந்தார் மாணிக்கம்.

விடுவேனா? "அண்ணே, இதைத்தான் வகுப்பில் நடத்துகிறேன்" என்றேன். அவர் டிக்கெட்டைக் கிழித்துக் கையில் திணித்தார். "அது பொய்யில்ல சார், தொழிலு. கொஞ்சம் உள்ள தள்ளி நில்லுங்க."

முதுகோடு பேச்சு

பெரியவர்களை நிமிர்ந்து பார்க்கக் கூடாது என்று வளர்ந்தவள் அமிர்தம். தரையைப் பார்த்தே பேசினாள். தேர்வில் அதற்கு மதிப்பெண் குறைப்பார்கள். ஒரு நாள் அதட்டிப் பார்த்தேன். கண்ணீர் பொலபொலவென்று வந்ததும் எனக்கே வெட்கமாகிவிட்டது.

மறுநாள் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, கரும்பலகையைப் பார்த்து உட்கார்ந்தேன். "என் முதுகிடம் பேசு" என்றேன். குரல் கணீரென்று வந்தது. தினமும் நாற்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாக அவள் பக்கம் திருப்பினேன். இரண்டு வாரத்தில் என் பக்கவாட்டு முகம் வரை தாங்கிக்கொண்டாள். அங்கே நிறுத்திவிட்டாள். "போதும் சார், இதுக்கு மேல திரும்பாதீங்க. உங்க காதோட பேசறது நல்லா இருக்கு."

ஜன்னலுக்கு வெளியே

தேர்வு நாளில் வெள்ளைக்காரத் தேர்வாளர் நேருக்கு நேராக உட்கார்ந்துவிட்டார். ஜன்னலுக்கு வெளியே நானும் மாணிக்கமும் நின்றோம். தோற்றால் நாளை முதல் அவள் வரமாட்டாள்.

'தினமும் நான் காண்பது' என்று தலைப்புக் கொடுத்தார். தரையைப் பார்த்துத் தொடங்கினாள். காலை பஸ் இருமுவதையும், முனகுவதையும், பாலத்து மேட்டில் அடம்பிடிப்பதையும் சொல்லச் சொல்ல அவள் முகம் நிமிர்ந்தது. கடைசியில் அந்த மனிதரை நேராகப் பார்த்தே பேசினாள். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். கையோடு முடிவையும் சொன்னார்: தேறிவிட்டாள்.

மாணிக்கம் என் பக்கம் திரும்பினார். "என்ன பேசினான்னு எனக்கு வெளங்கல சார். நான் நாள் பூரா கத்துறேன், ஒருத்தனும் காது குடுக்கிறதில்ல. எம்பொண்ணு பேச, தொரை பேனாவக் கீழ வெச்சிட்டாரு. அவ படிக்கட்டும்."

அணி இலக்கணம் நடத்தியே பிழைத்த நான், அது என்ன அணி என்று யோசிக்காமல் முழு மதிப்பெண் போட்ட ஒரே பேச்சு மாணிக்கத்தினுடையதுதான்.